தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பிரிட்டனுக்கு நாயை அழைத்துச் செல்ல அவகாசம் போதுமா?

சாட்ஸ்வொர்த் வாசகி:
கணவருக்குப் பிரிட்டனில், லெஸ்டர் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் குடும்பத்தோடு கிளம்புகிறோம். எங்கள் நாய் வீரனுக்கு ஆறு வயது, ரிட்ஜ்பேக் இனக் கலப்பு. மாமனார் காலமான பிறகும் அவருடைய நாற்காலிக்கடியில்தான் படுக்கிறான். அவனை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்கிறோம். தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் மட்டும் இல்லை. இப்போது அக்டோபர் தொடக்கம். நேரம் இருக்கிறதா?

முன்பு ஃபீனிக்ஸ், இப்போது லெஸ்டர்:
அக்கா, ஜனவரிக்கு முடியாது. சிப் இல்லாமல் போட்ட ஊசி எதுவும் கணக்கில் வராது. எங்கள் நாய்க்கு ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துச் சிப் பொருத்தினார்கள். முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். முதலில் சிப், அதன் பிறகே ஊசி. 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகாவது எதிர்ப்புச் சக்தி காட்ட வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் பிரிட்டன் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. இந்த வாரமே தொடங்கினால் பிப்ரவரியில் கிளம்பலாம். அவசரப்பட்டு முன்னதாக அனுப்பினால் நான்கு மாதம் வரை தனிமைக் காப்பில் அடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று: நாய் உங்கள் பயணத்துக்கு ஐந்து நாளுக்குள் முன்னோ பின்னோ வர வேண்டும், தவறினால் வணிக இறக்குமதி விதிகள் பொருந்தும். அண்ணன் ஜனவரியில் போகட்டும், நீங்கள் வீரனோடு வாருங்கள். குடிபெயர்வோருக்கான சுங்கச் சலுகைக்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
விமானத்தில் சரக்காகத்தான் வருவான். கூண்டில் நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். இன்றே வாங்கி வீட்டில் திறந்து வையுங்கள். அதற்குள்ளேயே உணவு கொடுத்துப் பழக்குங்கள். மயக்க மருந்து கொடுத்து அனுப்பவே வேண்டாம். நாடாப்புழு மருந்தைக் கால்நடை மருத்துவரே கொடுத்துப் பதிய வேண்டும். பிரிட்டனில் இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு. உடல்நலச் சான்றிதழில் அரசுக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட பத்து நாளுக்குள் சென்று சேர வேண்டும்.

சாட்ஸ்வொர்த் வாசகி:
நாளைக் காலையே சிப் பொருத்தப் போகிறோம். மகளும் நானும் பிப்ரவரி வரை இங்கேயே இருக்கிறோம். கூண்டுக்குள் மாமனாரின் போர்வையை விரிக்கலாமா?

முன்பு ஃபீனிக்ஸ், இப்போது லெஸ்டர்:
விரியுங்கள் அக்கா. துவைக்காமல் விரியுங்கள்.