புதுப்பிப்பு: நேரில் போகாமலே வீடு தேடுவோருக்கு, வீடியோ அழைப்பில் பார்க்க வேண்டியவை

விளம்பரப் படம் வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று படத்தை வைத்தே தேடுங்கள், யாராவது நேரில் உள்ளே போய்ப் பார்க்கும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். விட்டுப்போனது வீடியோ அழைப்பு.

பதிவு செய்த வீடியோ வேண்டாம், நேரலைதான். தெருவில் தொடங்கி, துண்டிக்காமல் வாசல், படிக்கட்டு வழியாக உள்ளே வரச் சொல்லுங்கள். அப்போதுதான் காட்டும் வீடும் முகவரியும் ஒன்று என்று தெரியும்.

பெரும்பாலும் ஏமாறுவது ஈரத்தில்தான். கேமராவைச் சுவரின் அடிப்பகுதிக்கு இறக்கி, மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். உப்புப் பூத்த வெள்ளைப் பொடி, உப்பிய பெயின்ட், ஒரு மூலையில் மட்டும் புதுப் பூச்சு: மூன்றுமே நீர்க்கசிவின் அடையாளங்களாக இருக்கலாம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரைத் தவறவிடாதீர்கள். குழாய் ஒழுகினால் கறை பெரும்பாலும் அங்கே தெரியும். நாற்றம் கேமராவில் வராது, அதனால் உங்களுக்காக நேரில் போய்ப் பார்ப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்.

சமையலறைக் குழாயையும் ஷவரையும் சேர்த்து 2 நிமிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் வேகம் மிகவும் குறைந்தால் அழுத்தம் போதாமல் இருக்கலாம்.

வைஃபையை அணைத்துவிட்டு உள்ளறையிலிருந்து பேசச் சொன்னால் சிக்னலும் தெரிந்துவிடும். கதவு அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் டேப்பால் அளந்து வாங்குங்கள், பீரோ நுழைய வேண்டுமே.

பயண நேரத்தை வரைபடத்தில் வேலைநாள் காலை 8.30 என்று குறித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்த கணக்கு உதவாது.