காலிமுகத்திடல் கஞ்சி: அரகலய எல்லோருடையதா?

வெள்ளவத்தையான்:
"கோட்டாபய ராஜபக்சவை விரட்டிய 2022 அரகலய போராட்டம் கொழும்பு நடுத்தர வர்க்கத்தின் காஸ் வரிசைக் கோபம், அவ்வளவுதான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசிக்கவே எரிச்சலாக இருந்தது. அந்தப் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள்; 2009 இறுதிப் போரில் எங்கள் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக. சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். அதற்கு முன் கொழும்பில் இதை யாராவது நினைத்துப் பார்த்திருப்பீர்களா?

வன்னிமகன்:
எழுதினது நான்தான். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20இலேயே போராட்டத்தில் குந்திவிட்டார்கள். அப்போது உங்கள் திடல் எங்கே போனது? 2019 ஜனாதிபதித் தேர்தலில் 69 இலட்சம் பேர் கோட்டாபயவுக்குப் புள்ளடி போட்டார்கள். 13 மணித்தியாலம் கரண்ட் போன பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது. ஒரு நாள் கஞ்சியைக் காட்டிக் கணக்கை முடிக்க வேண்டாம்.

வெள்ளவத்தையான்:
கஞ்சி கொடுத்தது உண்மையா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வன்னிமகன்:
உண்மை. 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் அதே கஞ்சியைக் கொடுத்த பெண்களைப் பொலிஸ் பிடித்ததும் உண்மை. திடலில் குடித்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வாய் திறந்தார்கள்?

ஸ்காபரோ சிவா:
வன்னிமகன் சொல்வதுதான் சரி. சிங்களவரை நம்பவே கூடாது.

வெள்ளவத்தையான்:
கனடாவில் இருந்துகொண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்காத நீங்கள் சும்மா இருங்கள், அண்ணை.

லயத்துப்பிள்ளை:
கஞ்சியை விட்டால் உங்களுக்கு வேறு கதையே இல்லையா? 2018 அக்டோபரில் அதே காலிமுகத்திடலில் எங்கள் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கூடினார்கள். தோட்டத்துக்கு 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டார்கள். வெள்ளவத்தை அண்ணைக்குத் திடல் கூப்பிடு தூரம்தான், வந்தீர்களா? வடக்கில் இருந்தும் ஆள் வரவில்லை. "தோட்டக்காட்டான்" என்று எங்களை இளக்காரமாகச் சொல்லத்தானே உங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

வன்னிமகன்:
தங்கச்சி, அந்தச் சொல்லை என்னிடம் சொல்ல வேண்டாம். 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி வந்த குடும்பம் எங்களுடையது. அதே சொல்லைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன்.

லயத்துப்பிள்ளை:
அப்படியென்றால் உங்கள் கணக்கில் எங்கள் கறுப்புச் சட்டை ஏன் வரவில்லை? நான் தங்கச்சியும் இல்லை, எனக்கு ஐம்பது வயது.

வெள்ளவத்தையான்:
2018இல் நான் வேலையில் இருந்தேன். அதை விடுங்கள். கஞ்சி கொடுத்த பிள்ளைகளை ஜூலை 22 விடியப்புறம் ஆமி அடித்து விரட்டியது. அவர்களையும் கோட்டாபயவின் ஆட்களையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

வன்னிமகன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. சம்பூருக்குப் பதில் எங்கே? திரும்பவும் கேட்கிறேன், சம்பூர்.

வெள்ளவத்தையான்:
முதலில் கஞ்சிக்கு வாருங்கள், பிறகு சம்பூர்.