வி. எஸ். ராமச்சந்திரனின் ஆய்வுப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்: எந்த எண்ணை எடுப்பது?

கயல் கேட்டது:
பார்வை நரம்பியலில் (மூளை எப்படிப் பார்க்கிறது என்று ஆராயும் துறை) நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் பங்களிப்பு பற்றித் துறைக் கருத்தரங்குக்கு ஓர் அறிமுகம் தயாராகிறது. அவருடைய பேப்பர் பட்டியலும் மேற்கோள் எண்ணிக்கையும் (பிறர் தங்கள் கட்டுரைகளில் அவற்றை எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பது) தேவை. கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் மூன்றும் மூன்று எண்ணைக் காட்டுகின்றன. எதை எடுப்பது? பெயர்க் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது? பார்வை சார்ந்தவற்றை மட்டும் பிரிக்க முடியுமா?

ஏட்டுச்சுவடி:
முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். வெறும் 'ராமச்சந்திரன்' என்று தேடினால் புரத அமைப்பை ஆராய்ந்த ஜி. என். ராமச்சந்திரன் முன்னால் வந்து நிற்பார். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் அவர் குழு வெளியிட்ட புரத அமைப்புப் பேப்பர் இன்றும் மேற்கோளில் வந்துகொண்டே இருக்கிறது. அது ஒன்று கலந்தாலே உங்கள் கணக்கு பாழ்.

பப்மெட்டில் (மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தேடுதளம்) ஆசிரியர் பெயருக்கான தேடல் புலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ராமச்சந்திரன் என்ற பெயருக்குப் பின் வி எஸ் என்ற முதலெழுத்துகளைப் போடுங்கள். அதே முதலெழுத்துள்ள வேறு ஆட்களை நீக்க, அவருடைய நிறுவனமான, சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயரால் வடிகட்டத் தோன்றும். கவனம்: பப்மெட் பதிவுகளில் ஆசிரியரின் நிறுவன முகவரி சேரத் தொடங்கியதே 1988-இல்தான். வடிகட்டியைப் போட்டால் அதற்கு முந்தைய பேப்பர்கள் மொத்தமாகக் காணாமல் போகும். உங்களுக்கு வேண்டிய பார்வை ஆராய்ச்சியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1972-இல், நேச்சர் இதழில் (தொகுதி 237, பக்கம் 347) எழுதிய இருவிழி ஆழப்பார்வைப் பேப்பரும் அதில் அடக்கம். அதை விட்டுவிட்டு அவருக்கு அறிமுகம் எழுதக் கூடாது. 1988 வரை தலைப்பு தலைப்பாகக் கையால்தான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று: டயான் ராஜர்ஸ்-ராமச்சந்திரன் பல பேப்பர்களில் அவருடன் இணை ஆசிரியர். இடைக்கோடு விடுபட்ட மேற்கோள்களில் டயானின் பெயர் 'ராமச்சந்திரன் டி' என்று மாறியிருக்கும்; வி. எஸ்.-உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விழித்திரை:
எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு: கூகுள் ஸ்காலர், ஆய்வேடு, புத்தகம், முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்) என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எடுக்கிறது. சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் 1998-இல் எழுதிய 'ஃபாண்டம்ஸ் இன் த பிரெயின்' புத்தகத்துக்கு வரும் மேற்கோளும் அங்கே மொத்தக் கணக்கில் சேரும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்து அட்டவணைப்படுத்தும் வெளியீடுகளிலிருந்து மட்டுமே எண்ணும்.

1988-ஐத் தனியாகப் பாருங்கள். நிழல்சாயலிலிருந்து வடிவத்தை உணர்வது பற்றி அந்த ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள் உண்டு. ஒன்று நேச்சர் (331, பக்கம் 163), மற்றது சயின்டிஃபிக் அமெரிக்கன் (259, பக்கம் 76). தலைப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றே. மேற்கோள் காட்டுபவர்களே மாற்றி எழுதிவிடுவதுண்டு. மேற்கோளைக் கட்டுரையோடு பொருத்தும் தரவுத்தளத்தின் தானியங்கி இணைப்பும் இங்கே தடுமாறும். தொகுதியையும் முதல் பக்கத்தையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். பழைய நேச்சர் பேப்பர்களின் டிஓஐ-யிலேயே (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாள எண்) இரண்டும் ஒட்டி இருக்கும்: 331163 என்று வந்தால் 331-ஆம் தொகுதி, 163-ஆம் பக்கம்.

ஹப்பர்டுடன் 2001-இல் எழுதிய நீண்ட சினஸ்தீசியா (ஒரு புலனைத் தூண்டினால் இன்னொரு புலனின் உணர்வும் எழுவது) கட்டுரை ஜர்னல் ஆஃப் கான்ஷியஸ்னஸ் ஸ்டடீஸில் வந்தது. பப்மெட்டை மட்டும் நம்பினால் அது தப்பிவிடும்.

கயல்:
மிக்க நன்றி. அறிமுகத்தில் எச்-இன்டெக்ஸ் கொடுத்தால் போதுமா?

விழித்திரை:
தனியாகக் கொடுக்காதீர்கள். குறைந்தது அத்தனை மேற்கோளாவது பெற்ற பேப்பர்கள் எத்தனை என்பதுதான் எச்-இன்டெக்ஸ். ஆறு பேப்பர்களுக்கு 50, 18, 11, 6, 6, 3 மேற்கோள்கள் என்று வையுங்கள். ஐந்து பேப்பருக்குக் குறைந்தது ஐந்து இருக்கிறது, ஆறாவதுக்கு ஆறு இல்லை. எச்-இன்டெக்ஸ் 5. முதல் பேப்பருக்கு 5000 இருந்தாலும் அதே 5-தான். (இந்த அளவீட்டை 2005-இல் முன்வைத்த ஹிர்ஷும் அதே சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர்தான்.)

ராமச்சந்திரனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று நான்கு துறைகள் கலந்திருக்கின்றன. விரிதாளில் 'தலைப்பு வகை' என்று ஒரு பத்தி சேர்த்துப் பார்வை, மாய உறுப்பு (இழந்த கை கால் இன்னும் இருப்பதாக உணர்வது), சினஸ்தீசியா, ஆட்டிசம் என்று பிரியுங்கள். ரிச்சர்ட் கிரிகரியுடன் 1991-இல் எழுதிய, பார்வையில் ஏற்படும் இடைவெளியை மூளை நிரப்புவது பற்றிய நேச்சர் பேப்பர் முதல் வகை. 1996-இன் கண்ணாடிப் பெட்டிப் பேப்பரில் (இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டும் பெட்டி) பார்வைதான் கருவி என்றாலும் அது மாய உறுப்பு வகையில்தான் சேர வேண்டும். அதன் மேற்கோள்களில் பெரும்பகுதி வலி மருத்துவம், மறுவாழ்வுச் சிகிச்சை இதழ்களிலிருந்து வருபவை. பார்வைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறிவிடும்.

ஏட்டுச்சுவடி:
'வெளியீட்டு வகை' என்று ஒரு பத்தியும் வேண்டும். மெடிக்கல் ஹைபாதசிஸ் இதழில் அவர் கட்டுரைகள் உண்டு. 2010 வரை அங்கே வழக்கமான சக ஆய்வாளர் மதிப்பீடு கிடையாது. அவற்றைக் கருதுகோள் என்று குறித்துவிடுங்கள்.

மேற்கோள் எல்லாம் ஆதரவும் அல்ல. ஆட்டிசத்தில் கண்ணாடி நியூரான்கள் (ஒரு செயலை நாமே செய்தாலும் பிறர் செய்யப் பார்த்தாலும் இயங்கும் நரம்பணுக்கள்) சரியாக இயங்கவில்லை என்ற 2005-ஆம் ஆண்டு மூளை மின்அலைப் பேப்பரை (முதல் ஆசிரியர் ஓபர்மன்), அதே முடிவு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். எண்ணிக்கை அதிகமுள்ள முதல் ஐந்து பேப்பர்களுக்காவது, மேற்கோள் காட்டியவர்கள் என்ன எழுதினார்கள் என்று திறந்து பாருங்கள்.

ஸ்கோபஸில் சுயமேற்கோளை (ஆசிரியர் தன் பேப்பரைத் தானே சுட்டுவது) நீக்கும் தெரிவு உண்டு. அதைப் போட்டும் போடாமலும் இரண்டு எண் குறியுங்கள். தரவுத்தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இருக்கட்டும்.