பேஸ்பால் அணிகளின் குளிர்கால முடிவுகள்: ‘டிரேட்’, ‘ஃப்ரீ ஏஜென்ட்’ இரண்டுக்கும் கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், நியூ ஜெர்சி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பாடநூலுக்காக ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஸ்பால் பருவம் இலையுதிர்காலத்தில் முடிந்தபின், பிப்ரவரியில் மறுபடியும் பயிற்சி தொடங்கும் வரை, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைப் புதிதாக அமர்த்துவது என்று ஓர் அணியின் நிர்வாகம் எடுக்கும் முடிவுகளைப் பற்றியது அந்தப் பாடம். வரும் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இங்குள்ள பிள்ளைகள் அனைவரும் அறிந்த ஹுவான் சோட்டோவை வைத்துக்கொண்டேன். 2023 டிசம்பரில் சான் டியேகோ பாட்ரேஸ் அணி, ஒப்பந்தக் கட்டுப்பாடு இன்னும் ஓராண்டே எஞ்சியிருந்த சோட்டோவையும் டிரென்ட் கிரிஷமையும் யாங்கீஸிடம் கொடுத்து, மாற்றாக மைக்கேல் கிங், டுரூ தார்ப் உள்ளிட்ட ஐந்து பேரைப் பெற்றது. இது ‘டிரேட்’. அந்த ஓராண்டு முடிந்ததும் சோட்டோ எந்த அணிக்கும் கட்டுப்படாதவர் ஆனார். 2024 டிசம்பரில் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்று மெட்ஸ் அணியோடு தாமே ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த இடைநிலையில் அவருக்குப் பெயர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’.

முதற்படியில் டிரேடுக்குப் ‘பண்டமாற்று’ என்றும் மற்றதற்குக் ‘கட்டற்ற முகவர்’ என்றும் எழுதியிருந்தேன். இரண்டாவது சொல் உடனே இடறியது. சோட்டோவுக்காகப் பேரம் பேசிய ஸ்காட் போராஸ்தான் உண்மையான முகவர்; “முகவர் தம் முகவரோடு கலந்து பேசி” என்ற வாக்கியத்தை எந்த மாணவரும் சரியாகப் படிக்க முடியாது. தக்க சொற்கள் தந்து உதவ வேண்டுகிறேன்.

தமிழாசிரியர் (பணி நிறைவு), திருநெல்வேலி

அன்புடையீர், வணக்கம்.

பண்டமாற்று என்பது மனிதரைப் பற்றிய சொல்லாக ஒருபோதும் ஆகாது. பண்டம் என்றால் சரக்கு. ஆனால் அதன் பின்பகுதியை விட்டுவிட வேண்டாம். அதில்தான் நமக்குத் தேவையான வேர் இருக்கிறது. ‘மாறு’ என்னும் வினை, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொள்ளும் பொருளில் சங்க காலத்திலேயே முழுமையாக வழங்கியிருக்கிறது. “உப்பை மாறி வெண்ணெல் தரீஇய” என்கிறது குறுந்தொகை. “தேனெய்யொடு கிழங்கு மாறியோர்” என்பது பொருநராற்றுப்படை. இங்கே ‘மாறி’ என்பதற்கு வேறாகி என்று பொருளன்று. கொடுத்து வாங்கி என்பதே பொருள். நெல்லை, குமரி மாவட்டங்களில் “கொடுத்து மாறுதல்” என்று இன்றும் சொல்லக் கேட்கலாம். ஆகவே ‘ஆள்மாறு’ என்றே வைக்கலாம்; முதனிலைத் தொழிற்பெயராக நின்று, அடி, தட்டு போல இயல்பாக ஒலிக்கும்.

பாடத்தின் தலைப்புக்கும் ஒன்று சொல்வேன். ‘ஆஃப் சீசன்’ என்பதற்குப் பருவமல்லாப் பருவம் என்றெல்லாம் எழுதாமல் ‘கூதிர்ப்பாசறை’ என்று எழுதுங்கள். தொல்காப்பியர் வாகைத்திணையில் “கூதிர் வேனில் என்றிரு பாசறை” என்று வகுத்தார். குளிர்காலத்தில் பாசறையில் உறங்காதிருந்து, அடுத்த போருக்கு எந்த யானை உதவும், எந்த வீரன் தேறுவான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் வேந்தனின் நிலைக்கும், அணி மேலாளர் குளிர்காலத்தில் ஆற்றும் பணிக்கும் எத்துணைப் பொருத்தம் என்று பாருங்கள்.

விளையாட்டுச் செய்தியாளர், சென்னை

ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். எனினும் நாளிதழில் இருபதாண்டுகளாகச் செய்தி திருத்துபவன் என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆள்மாறு’ என்று தலைப்பிட்டால், வாசகர் ‘ஆள்மாறாட்டம்’ என்றே படிப்பார். தேர்வு மையத்தில் பிடிபட்டவரைப் பற்றிய செய்தி என்று நினைத்துக்கொள்வார். ‘கைமாற்று’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் அதையும் மறுத்துவிடுகிறேன். அது வட்டியில்லாமல் சில நாளுக்கு வாங்கும் கடன்.

2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னை அணிக்கும், ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்கும் மாறியபோது தேநீர்க் கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் ‘டிரேட்’ என்றுதான் சொன்னார்கள். புரியாதவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஏலம், தக்கவைப்பு ஆகிய நல்ல தமிழ்ச் சொற்கள் மக்கள் வாயில் தாமாகவே நிலைத்தன. டிரேடுக்கு அப்படி ஒன்று நிலைக்காமல் போனதற்குக் காரணம் இருக்க வேண்டும். நூலிலும் ‘டிரேட்’ என்றே எழுதி, முதல் முறை மட்டும் விளக்கம் தந்துவிடலாம் என்பது என் கருத்து.

கூதிர்ப்பாசறை அழகானதுதான். ஆனால் பாசறையில் வேந்தனோடு வீரரும் இருப்பார்கள். பேஸ்பாலில் அந்த மாதங்களில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விழித்திருப்பது அலுவலகம் மட்டுமே.

பேஸ்பால் ஆர்வலர், டொரோன்டோ

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். முப்பது வருடங்களாக இங்கே புளூ ஜேஸ் அணியைப் பின்தொடர்கிறேன்.

சென்னை நண்பர் எடுத்துக்காட்டிய துடுப்பாட்ட (கிரிக்கெட்) நிகழ்வுக்கும் பேஸ்பாலில் நடப்பதற்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உள்ளது. ஐபிஎல் விதிகளின்படி ஆட்டக்காரர் சம்மதித்தால்தான் மாற்றம் நடக்கும். பேஸ்பாலில் பொதுவாக அவரிடம் யாரும் கேட்பதில்லை. தொலைபேசி வரும், மறுநாள் வேறு நகரம். நியூ ஜெர்சி அம்மா குறிப்பிட்ட டுரூ தார்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் யாங்கீஸ் அவரைப் பாட்ரேஸுக்குக் கொடுத்தது. 2024 மார்ச்சில் பாட்ரேஸ் அவரை டிலன் சீஸுக்கு ஈடாகச் சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்தது. இவ்வாறு ஒரே குளிர்காலத்துக்குள் மூன்று அணிகளுக்கு உரியவராக அவர் இருந்திருக்கிறார். அப்போது பெருங்கழக (மேஜர் லீக்) ஆட்டம் ஒன்றில்கூட அவர் பந்து வீசியிருக்கவில்லை.

எனவே நாம் ஆக்கும் இரண்டு சொற்களும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: முடிவெடுப்பவர் யார்? ‘டிரேட்’ என்பதில் அணி முடிவெடுக்கிறது. ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பதில் ஆட்டக்காரர் முடிவெடுக்கிறார். மாணவர்களுக்கு இந்த ஒன்று விளங்கிவிட்டால் குளிர்காலச் செய்திகள் அனைத்தும் விளங்கிவிடும்.

இந்த இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களுக்கு எளிதாகக் கிடைத்ததன்று. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃப்ளட்டை 1969 அக்டோபரில் அந்த அணி பிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. அவர் போக மறுத்தார். என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் நான் ஓர் உடைமையல்லன் என்ற கருத்தை முன்வைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். 1970 பருவம் முழுவதும் ஆடாமலே இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1972இல் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. பின்னர் 1975 டிசம்பரில், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நலி ஆகிய இருவரின் முறையீட்டில் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரான பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பே கதவைத் திறந்தது. இன்று பெருங்கழகத்தில் ஆறு ஆண்டுகள் சேவை நிறைந்து, ஒப்பந்தமும் முடிந்த ஒருவருக்கு அந்த உரிமை உண்டு. ஒப்புதல் இன்றித் தம்மை வேறு அணிக்குக் கொடுக்கக் கூடாது என்று மறுக்கும் உரிமையும், பத்து ஆண்டுகள் ஆடி அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவர்களுக்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றை நினைத்தே ‘தன்னுரிமை ஆட்டக்காரர்’ என்பதை முன்மொழிகிறேன். டிரேடுக்கு ‘ஒப்பந்தப் பரிமாற்றம்’ என்பது பொருந்தும். சட்டப்படி கைமாறுவது ஆளல்ல, ஒப்பந்தம்.

தமிழாசிரியர், திருநெல்வேலி

டொரோன்டோ நண்பரின் மடலை இருமுறை படித்தேன். கர்ட் ஃப்ளட்டைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை; நன்றி. ஆனால் அவர் சொன்ன வரலாறே அவர் தரும் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. சட்டத்தில் கைமாறுவது ஒப்பந்தமாக இருக்கலாம். மூட்டை கட்டுபவர் ஆள்தானே? ‘ஒப்பந்தப் பரிமாற்றம்’ என்று எழுதினால் அந்த ஆள் சொல்லிலிருந்தே மறைந்துவிடுகிறார். நிர்வாகத்தின் மொழியை நாம் அப்படியே ஏற்க வேண்டிய தேவை என்ன? மேலும் கருத்துப் பரிமாற்றம், கடிதப் பரிமாற்றம் என்று நாம் வழங்கும் இடங்களிலெல்லாம் இரு பக்கமும் விரும்பிச் செய்யும் செயலே குறிக்கப்படுகிறது. விருப்பமில்லாத ஒருவரைக் கொடுத்துவிடும் செயலுக்கு அந்த இனிய சொல் பொருந்தாது. ‘மாறு’ என்பதில் இந்த மழுப்பல் இல்லை.

ஆள்மாறாட்டத்தோடு மயங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனவே ‘ஆட்டர்மாறு’ என்று திருத்துகிறேன்; ஆட்டர் என்றால் ஆடுபவர்.

மென்பொருள் மொழியாக்கர், பெங்களூரு

நடுவில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. ‘கட்டற்ற’ என்ற அடை, கட்டற்ற மென்பொருள் என்ற தொடரில் ஏற்கெனவே வேர்கொண்டுவிட்டது. ‘கட்டற்ற ஆட்டக்காரர்’ என்றால், கட்டுப்பாடு இன்றி நடப்பவர் என்ற கெட்ட பொருளும் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தோன்றியது ‘அணிசேரா ஆட்டக்காரர்’. அணிசேரா நாடுகள் என்று அரைநூற்றாண்டுக்கு மேலாகப் படித்து வருவதால் விளக்கம் தேவைப்படாது.

தமிழாசிரியர், திருநெல்வேலி

தேவைப்படும். ‘சேரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொது. சேராதவர், சேர்ந்திராதவர், இனியும் சேர மாட்டாதவர் எல்லாரும் அதனுள் அடங்குவர். அணிசேரா நாடு சேர விரும்பாத நாடு. உங்கள் ஆட்டக்காரரோ பொருந்தும் அணி எது என்று தேடிக்கொண்டிருப்பவர். இந்த ஓரிடத்தில் டொரோன்டோ நண்பரின் ‘தன்னுரிமை’யே மேல்.

பேஸ்பால் ஆர்வலர், டொரோன்டோ

ஐயா, ‘ஆட்டர்’ என்ற சொல்லை இங்குள்ள பிள்ளைகள் கேட்டதே இல்லை. ஒரு சொல்லைப் புரிய வைக்க இன்னொன்றைப் புரிய வைக்க வேண்டியதாகும். ‘பரிமாற்றம்’ எப்போதும் விருப்பத்தையே குறிக்கிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. போர்க்கைதிகள் பரிமாற்றம் என்று செய்திகளில் எழுதுகிறோம். அங்கே பேசி முடிவெடுப்பவை இரு தரப்பும். கைதியிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. நமக்கு வேண்டிய பொருள் அந்த வழக்கில் முழுதாகவே இருக்கிறது. ஆனால் ஆள் மறையக் கூடாது என்று நீங்கள் சொன்னது நியாயம். ‘ஒப்பந்த’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆட்டக்காரர் பரிமாற்றம்’ என்று வைத்தால் தங்கள் மறுப்பு தீருமா?

இன்னொன்றையும் கருத வேண்டும். மாற்றாகப் பெறுவது எப்போதும் ஆளாக இருப்பதில்லை. சில வேளை பணம். சில வேளை, “பின்னர்ப் பெயர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்” என்று மட்டும் எழுதி வைப்பார்கள். 1962 ஏப்ரலில் கிளீவ்லாந்து அணி ஹாரி சீட்டி என்ற பந்து பிடிப்பாளரை அவ்வாறு மெட்ஸுக்குக் கொடுத்தது. ஜூனில், பெயர் அறிவிக்க வேண்டிய அந்த ஆட்டக்காரராக அவரையே மெட்ஸ் திருப்பி அனுப்பியது. அவர் தமக்கே ஈடானார். ‘ஆள்மாறு’ என்றாலும் ‘ஆட்டர்மாறு’ என்றாலும், இந்த நிகழ்வில் மாறியவர் யார் என்ற கேள்வி எழும். ‘பரிமாற்றம்’ என்பது செயலைச் சொல்வதால் தாங்கும்.

விளையாட்டுச் செய்தியாளர், சென்னை

‘ஆட்டக்காரர் பரிமாற்றம்’ எனக்கு உடன்பாடே. நாளிதழில் ‘வீரர்கள் பரிமாற்றம்’ என்று எழுதுவேன். ஐயா ‘வீரர்’ என்பதன் வேரை ஆராய்வதற்கு முன்பே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பேச்சில் ‘டிரேட்’ தொடர்ந்து இருக்கும் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், நியூ ஜெர்சி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு வகுப்பில் இரு வடிவங்களையும் படித்துக் காட்டினேன். ‘மாறு’ என்பதை ‘மாறிவிடு’ என்ற ஏவலாகவே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். ‘பரிமாற்றம்’ என்றதும் ஒரு சிறுமி உணவு பரிமாறுவதா என்று கேட்டாள். சோட்டோவைக் கொடுத்து ஐவரை வாங்கியதைச் சொன்னவுடன் தானே பொருத்திக்கொண்டாள். ‘தன்னுரிமை ஆட்டக்காரர்’ என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று வகுப்பே எடுத்துச் சொன்னது.

ஆகவே ‘ஆட்டக்காரர் பரிமாற்றம்’, ‘தன்னுரிமை ஆட்டக்காரர்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். அமர்த்துவதற்கு ‘ஒப்பந்தம் செய்தல்’ போதும். அணியே ஒருவரை விட்டுவிடுவதற்கு ‘விடுவிப்பு’ என்று வைத்து, ஆறாண்டு உரிமையால் வெளிவருபவரிடமிருந்து வேறுபடுத்தியிருக்கிறேன். தலைப்பு ‘குளிர்கால முடிவுகள்’. கர்ட் ஃப்ளட் பற்றி ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். ஒரு பக்கம் கூடுகிறது, அச்சகத்தார் ஒத்துக்கொண்டார்கள்.

தமிழாசிரியர், திருநெல்வேலி

பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன். ஆயினும் என் மறுப்பு நிலைத்து நிற்கிறது என்பதைக் குழுவின் ஆவணத்தில் பதிவு செய்ய வேண்டுகிறேன். போர்க்கைதிகள் பரிமாற்றத்தில் கைதி தன் வீட்டுக்குத் திரும்புகிறான். அதனால் அவனிடம் கேட்காதது பிழையாகத் தோன்றுவதில்லை. இங்கே ஆட்டக்காரர் வீட்டை விட்டுப் போகிறார். இந்த வேறுபாட்டைப் ‘பரிமாற்றம்’ சொல்லவில்லை. ‘மாறு’ சொல்லும் என்று நான் நம்புவதற்குரிய சான்றுகளை, பெரும்பாணாற்றுப்படையிலும் அகநானூற்றிலும் உள்ள இடங்களோடு தொகுத்து, அடுத்த பதிப்புக்கு முன் தனி மடலாக எழுதுகிறேன்.