பி.எஃப்.எம். பிசினஸ் வானொலியில் வரவில்லை: அவசர உதவி தேவை

கணக்கியல் மாணவன்:
வணக்கம். இரண்டு நாட்களாக பி.எஃப்.எம். பிசினஸ் என்ற பிரெஞ்சு வணிகச் செய்தி நிலையம் என் வானொலியில் வரவில்லை, அதன் எஃப்.எம். அலைவரிசையான 96.4இல் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. வியாழக்கிழமை எனக்கு வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது. தினமும் காலையில் இதைக் கேட்டுத்தான் வணிகச் சொற்களைப் பழகுகிறேன். வானொலி புதியது, டிஜிட்டல். தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.

நிலா93:
தம்பி, நான் பாரிஸின் புறநகரான லா கூர்நெவில் இருக்கிறேன். இன்று காலையும் 96.4 தெளிவாகக் கேட்டது. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், வானொலி எந்த வகை என்று எழுதினால்தான் எதையும் சொல்ல முடியும்.

கரவெட்டியான்:
இது ஆன்டெனாப் பிரச்சினைதான். என் சமையலறை வானொலியும் இப்படி இரைந்தது. கம்பியை முழுவதும் இழுத்து ஜன்னல் பக்கம் சாய்த்ததும் சரியாகிவிட்டது.

சென் நதிக்கரை:
பிரான்சில் எஃப்.எம். ஒலிபரப்பையே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இருக்குமோ?

பழைய வானொலிக்காரன்:
இதை இங்கே பல முறை விளக்கிவிட்டேன்; எழுதுவதற்கு முன் வாசிக்கும் பழக்கம் வேண்டும். 2011 நவம்பரில் முற்றாக நிறுத்தப்பட்டது அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு, எஃப்.எம். இன்றும் இருக்கிறது. கேள்வி கேட்டவர் ஊரைச் சொல்லாதவரை மற்றவர்களின் பதில்கள் வெறும் ஊகங்களே.

கணக்கியல் மாணவன்:
மன்னிக்கவும், போன வாரம் திஜோனுக்கு வீடு மாறினேன். வானொலி பாரிஸில் லாச்சப்பலில் வாங்கியது. திரையில் எண்கள் தெரிகின்றன. ஜன்னல் ஓரம் வைத்தும் பார்த்தேன்.

பழைய வானொலிக்காரன்:
முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டிய செய்தி இது. 96.4 பாரிஸுக்கு உரிய அலைவரிசை. சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள திஜோனில் எந்த ஆன்டெனாவை நீட்டினாலும் அது கிடைக்காது. திரையில் எண் தெரிவதாலேயே ஒரு வானொலி டிஜிட்டல் ஆகிவிடாது. பல எஃப்.எம். பெட்டிகளும் அலைவரிசையை எண்ணாகக் காட்டும். பெட்டியின் முன்புறத்திலோ அடியிலோ ‘டிஏபி+’ (டிஜிட்டல் வானொலி முறை) என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த முறைக்கு மாற்றி, நிலையங்களைப் புதிதாகத் தேடவிடுங்கள். 2021 அக்டோபரில் பாரிஸ், லியோன், மார்சேய் வழித்தடத்தில் தேசிய டிஏபி+ தொடங்கியபோது பி.எஃப்.எம். பிசினஸும் அதில் இடம்பெற்றது.

சென் நதிக்கரை:
பரீட்சைக்கு இவ்வளவு வேகமான பிரெஞ்சு எதற்கு? பிரான்சின் சர்வதேச வானொலியான ஆர்.எஃப்.ஐ. தரும் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடந்தான்; மொழி பழகுபவர்களுக்கு அதுவே பொருத்தமானது.

நிலா93:
நான் உடன்படவில்லை. பிரான்சுக்கு வந்த புதிதில் ‘பூர்ஸ்’ என்றால் மாணவர் உதவித்தொகை என்று மட்டுமே எனக்குத் தெரியும். ‘லா பூர்ஸ்’ ஏறியது என்று செய்தியில் கேட்டபோது, உதவித்தொகையைக் கூட்டிவிட்டார்கள் என்று மகிழ்ந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அதே சொல்தான் பங்குச்சந்தையையும் குறிக்கிறது என்பதை பி.எஃப்.எம். பிசினஸ்தான் எனக்குப் புரியவைத்தது. காலை 9 மணிக்குப் பாரிஸ் சந்தை திறக்கும்போதும், மாலை 5.30க்குத் தொடர் வணிகம் முடியும்போதும் ‘காக் கராந்த்’ (CAC 40) என்ற பாரிஸ் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பற்றி ஏறக்குறைய ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவதால் காது தானாகவே பழகிவிடும்.

கரவெட்டியான்:
அது பி.எஃப்.எம். தொலைக்காட்சியின் கிளைதானே? அங்கே நாள் முழுவதும் அரசியல் விவாதந்தான்.

பழைய வானொலிக்காரன்:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். மூத்தது வானொலி, 1992இல் ‘பிசினஸ் எஃப்.எம்.’ என்ற பொருளில்தான் அந்தப் பெயரே வந்தது. நீங்கள் சொல்லும் செய்தித் தொலைக்காட்சி 2005 நவம்பரில் பிறந்தது. பிசினஸ் தொலைக்காட்சி 2010இல் வந்தது.

நிலா93:
அண்ணா, தம்பியின் பிரச்சினைக்குத் திரும்புவோம். முத்திரை இருக்கிறதா, தம்பி?

கணக்கியல் மாணவன்:
இல்லை, அக்கா. அடியில் எஃப்.எம்., ஏ.எம். என்று மட்டுமே எழுதியிருக்கிறது. இப்போது கைபேசிச் செயலியில் கேட்கிறேன், தெளிவாக வருகிறது. எல்லோருக்கும் நன்றி.