ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த பிறகும் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்க நேர்வது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஓர் இரவு என் தந்தைக்குக் கடுமையான மூச்சுத்திணறல் ஏற்பட்டதால் 108-ஐ அழைத்தோம். வண்டி விரைவாகவே வந்தது. வழி நெடுக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே அழைத்துச் சென்றார்கள். ஆனால் அரசு மருத்துவமனையை அடைந்தபோது, உள்ளே படுக்கை காலியில்லை என்று கூறி, அரை மணி நேரத்துக்கும் மேலாக அவரை ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னாலும் வண்டிகள் வந்து நின்றுகொண்டிருந்தன. அப்பா இப்போது நலமாக இருக்கிறார். சாதாரணக் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் அவசரப் பிரிவுக்கு வருபவர்களால்தான் இந்த நெரிசல் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (108 சேவையில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றியவர்)

வணக்கம் ஐயா. உங்கள் தந்தை நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. வண்டியில் இருப்பவர்களின் நிலையை மட்டும் சொல்கிறேன். நோயாளியை மருத்துவமனை ஊழியரிடம் ஒப்படைத்து, எங்கள் படிவத்தில் கையொப்பம் பெறும் வரை அவர் எங்கள் பொறுப்பு. அதைவிட முக்கியம், அவர் படுத்திருக்கும் ஸ்ட்ரெச்சர் வண்டிக்கு உரியது; அது திரும்பக் கிடைக்காமல் அடுத்த அழைப்பை ஏற்க முடியாது. வாசலில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் ஏதோ ஒரு கிராமத்துக்கு அந்த நேரத்தில் இல்லாமல் போன வண்டி. அங்கே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் இன்னும் தொலைவிலிருந்துதான் வேறு வண்டி கிளம்ப வேண்டும். காத்திருக்கும் நேரமெல்லாம் சிலிண்டரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நோயாளியின் வீட்டாருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்போம்.

வரிசையில் நிற்கும் வண்டிகள் எல்லாம் வீட்டிலிருந்து நேராக வந்தவை அல்ல. தாலுகா மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரெஃபர் செய்யப்பட்டு வருபவையும் அவற்றில் உண்டு. அங்கே படுக்கை இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அனுப்பினாலே வரிசை பாதி குறையும் என்பது என் எண்ணம்.

பதில் 2 (அவசர சிகிச்சை மருத்துவர்)

உங்கள் உறவினர்கள் சொல்வது பரவலான நம்பிக்கை. ஆனால் அது சரியல்ல. தமிழ்நாட்டில் "தாய்" எனப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு, உள்ளே வருபவர்களை, நிலையின் தீவிரத்தைப் பொறுத்து, சிவப்பு (மிக அவசரம்), மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறோம். காய்ச்சலுக்கு வருபவர் பச்சை. அவருக்குத் தேவை ஒரு நாற்காலியும் சில நிமிடங்களும்தான். படுக்கையை அடைத்துக்கொண்டிருப்பவர், அவசரப் பிரிவில் தமக்குரிய சிகிச்சை முடிந்து, உள்நோயாளியாகச் சேர்க்க முடிவும் செய்யப்பட்டு, மேலே வார்டில் இடம் கிடைக்காமல் காத்திருப்பவர். இரவு ஒன்பது மணிக்கு ஒரு சிவப்புப் பகுதியை நினைத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஸ்கேன் முடிந்து, வென்டிலேட்டர் பொருத்தியாகிவிட்டது, ஐசியூவில் இடமில்லை. அந்தப் படுக்கை, அந்த வென்டிலேட்டர், அருகில் நிற்கும் செவிலியர் ஆகிய மூன்றும் விடியும் வரை அவருக்கே. அடுத்து வரும் உங்கள் தந்தைக்கு எதைக் கொடுப்பது?

வார்டில் ஏன் இடமில்லை என்றால், காலை ரவுண்ட்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டவரும், டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டுத் தாள்கள், அழைத்துப் போக வர வேண்டிய உறவினர் என்று எல்லாம் கூடிவர மாலையாகிவிடுவதால் அதுவரை படுக்கையிலேயே இருக்கிறார். ஆகவே அவசரப் பிரிவில் படுக்கைகளைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது. அவையும் இதேபோல் நிரம்பிவிடும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையாக நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வண்டியிலிருந்து உடனே இறக்கி ஆக்சிஜன் கொடுப்பதற்கென்றே தனி வார்டு திறக்கப்பட்டது. எங்கே படுக்கை இருக்கிறது என்பதை ஒரே கட்டளை மையம் கண்காணித்தது. இது அன்றைக்குப் புதிதாகத் தோன்றிய யோசனையும் அல்ல. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, படுக்கை இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களைக் கூறிக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பிய வழக்கில், படுக்கை இருக்கும் மருத்துவமனைக்கு நோயாளியை உடனே அனுப்ப வசதியாக மையப்படுத்தப்பட்ட தகவல் தொடர்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே கூறியது. பெருந்தொற்றில் செய்ய முடிந்ததைச் சாதாரண நாட்களிலும் தொடர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் 3 (இங்கிலாந்தில் பணியாற்றும் செவிலியர்)

டாக்டர் சொல்வதை இங்கும் கண்ணாரக் காண்கிறேன். ஆம்புலன்ஸ் வந்த 15 நிமிடங்களுக்குள் நோயாளியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள விதி. குளிர்காலத்தில் அது கடைப்பிடிக்கப்படுவதே அரிது. சிகிச்சை முடிந்தும், வீட்டில் பராமரிக்க ஆளில்லாத முதியவர்கள் வார்டிலேயே தங்கிவிடுவது பெரிய காரணம். 2023-இல் லண்டனில் 45 நிமிடங்களுக்கு மேல் வண்டி காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வண்டிகள் விடுபட்டன, தெருவில் உதவிக்குக் காத்திருந்தவருக்கு அது நல்லதே. ஆனால் வார்டில் இடம் பிறக்கவில்லை என்பதால், வண்டியில் காத்திருந்த முதியவர் இப்போது மருத்துவமனைக்குள் தாழ்வாரத்தில் காத்திருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டிய செவிலியரோ அதே ஒருவர்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் மருத்துவமனையில் உண்மை நிலை என்ன என்பதை அறிய, பொதுமக்களாகிய நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 2 (அவசர சிகிச்சை மருத்துவர்)

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று நேரங்களைக் கேளுங்கள்: நோயாளி வந்த நேரம், உள்நோயாளியாகச் சேர்க்க முடிவு செய்த நேரம், வார்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம். ஒரு மாதத்துக்கான மொத்த விவரமாகக் கேளுங்கள். தனி நோயாளிகளின் பெயர் வேண்டாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இரண்டாவது நேரத்துக்கும் மூன்றாவது நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் வாசலில் வண்டிகளை நிறுத்துகிறது. அந்த விவரம் கைக்கு வந்தால் இங்கேயே பகிருங்கள். அதைப் படித்து விளக்க நான் உதவுகிறேன்.