டிஸ்கஸ் இனப்பெருக்கத் தொட்டி: முட்டைகள் வெளுத்துப்போவது ஏன்?

கேள்வி

வணக்கம். ஒன்றாக வளர்ந்த டிஸ்கஸ் மீன்களில் இரண்டு தாமாகவே ஜோடி சேர்ந்து, மற்றவற்றை ஒரு மூலைக்கு அண்டவிடாமல் விரட்டத் தொடங்கியதால், அவற்றை இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தனித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். அடியில் மணல் போடவில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், முட்டையிட ஒரு மண்கூம்பு ஆகியவை மட்டுமே உள்ளன. வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸ். பின்புறக் கண்ணாடியில் கருநீலத் தாள் ஒட்டியிருக்கிறேன். இரண்டும் பிஜியன் பிளட் என்ற நிற வகை.

கூம்பில் முட்டைகள் வரிசை வரிசையாக ஒட்டப்படுகின்றன. ஆனால் மறுநாளே பெரும்பாலானவை வெளுத்து, அதற்கடுத்த நாள் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்துவிடுகிறது. நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம்; போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 850 அளவில் இருக்கிறது. மீன்கள் இதே நீரில் நன்றாகத் தின்று நலமாகவே இருப்பதால், தண்ணீரைக் குறை சொல்லலாமா என்று புரியவில்லை. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1

தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் உங்களிடம் இருப்பது ஆணும் பெண்ணுமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பெண் டிஸ்கஸ்கள் சேர்ந்து கூம்பைச் சுத்தம் செய்து, முட்டையிட்டு, காவலும் காப்பது அபூர்வமன்று. முட்டையிடும் நேரத்தில் வயிற்றுக்கடியில் நீளும் குழலைக் கவனியுங்கள்: பெண்ணுக்கு அது பருத்து, நுனி மழுங்கியிருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும்.

ஜோடி சரியென்றால், அடுத்தது நீரின் கடினத்தன்மை. அமேசான் படுகையில் டிஸ்கஸ் வாழும் நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. வளர்ந்த மீன் நம் ஊர்த் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும். முட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கால்சியம் மிகுந்த நீரில் முட்டையின் மேலுறை இறுகிவிடுவதால் கருவுறுதல் தடைபடுகிறது. டி.டி.எஸ். 100 முதல் 150 வரையிலும், பி.எச். 6-க்கும் 6.5-க்கும் இடையிலும் இருப்பது நல்லது.

வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தின் நீரே போதும். ஆனால் பல எந்திரங்கள் சுத்திகரித்த நீரில் மீண்டும் தாது உப்பைச் சேர்ப்பதால், குழாயில் வரும் நீரை மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். அது 40 என்று காட்டினால், ஒன்பது பங்கு ஆர்.ஓ. நீரோடு ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கும்போது ஏறத்தாழ 120 கிடைக்கும். வெறும் ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றாதீர்கள்; அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் அதில் இல்லாததால் பி.எச். திடீரென்று சரிந்துவிடும். மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல், அன்றாடம் நீர் மாற்றும்போது சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் நீரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் சொல்ல வருவது அந்தக் கருநீலத் தாளைப் பற்றி. முட்டை பொரிந்தாலும் உங்கள் அடுத்த சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

29 டிகிரியில் முட்டைகள் ஏறத்தாழ 60 மணி நேரத்தில் பொரியும். பொரிந்த குஞ்சுகள் மேலும் இரண்டு மூன்று நாள்கள் கூம்பிலேயே ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். பிறகு நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தையரின் உடலில் சுரக்கும் சளிப்படலத்தைக் கொத்தித் தின்றுதான் உயிர் பிழைக்கின்றன. கருமையாகத் தெரிவதை நோக்கிப் போவது அவற்றின் இயல்பு. குஞ்சு காக்கும் காலத்தில் பெற்றோரின் உடல் கறுப்பதும் அதற்காகவே. தாய்லாந்தில் உருவாக்கப்பட்ட பிஜியன் பிளட் வகையால் அவ்வாறு கறுக்க முடிவதில்லை. ஆகவே குஞ்சுகள் பெற்றோரை விட்டுவிட்டு உங்கள் நீலத் தாளிலும் கறுப்பு ஸ்பாஞ்சிலும் மொய்த்து, பசியால் மடியும். தாளை எடுத்துவிட்டு, பின்புறமும் பக்கங்களும் அடியும் வெளிர் நிறமாக இருக்குமாறு செய்யுங்கள். ஸ்பாஞ்சும் வெளிர் நிறத்தில் கிடைக்கிறது. குஞ்சுகள் நீந்தும் நாளில் நீர்மட்டத்தைப் பாதியாக இறக்கி, இரவிலும் ஒரு மங்கிய விளக்கை எரியவிட்டால், அவை பெற்றோரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குழலைப் பார்த்தேன், ஒன்று கூராகவே இருக்கிறது. கூம்பைச் சுற்றிக் கம்பிவலை போடலாமா? பூஞ்சைக்குப் போடும் மெத்திலீன் ப்ளூ மருந்து தேவையா?

மறுமொழி 3

பெற்றோர் முட்டைகளைத் தின்னும் பழக்கம் உள்ளவை என்றால் மட்டும், முட்டையிட்டு முடிந்த பின் வலையைச் சுற்றுங்கள். கூம்பு கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் வரை அவை காவலைத் தொடரும். துருப்பிடிக்காத கம்பியோ பிளாஸ்டிக் வலையோதான் வேண்டும். வலை போட்டால், வெளுத்த முட்டைகளை அவற்றால் பொறுக்கி எடுக்க முடியாது. அப்போது பூஞ்சை பரவாமலிருக்க மெத்திலீன் ப்ளூ சில துளிகள் உதவும். வலை இல்லாத தொட்டியில் மருந்தை நான் விரும்புவதில்லை, ஏனெனில் ஸ்பாஞ்சில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாவையும் அது கெடுக்கும். குஞ்சு பொரிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும்.

நீந்தத் தொடங்கிய நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை (மிகச் சிறிய உப்புநீர் இறால்) சிறிது சிறிதாக, நாளொன்றுக்குப் பல வேளை கொடுங்கள். மிஞ்சியதை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பத்திலுள்ள கலவை நீரை நிரப்புங்கள். இதற்கென ஒரு டிரம்மில் முதல்நாளே நீர் கலந்து வைத்திருப்பது அவசியம். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் முட்டையிடும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.